இறக்கத்தில் கவிழ்ந்த மின்சாரம்

மொன்றியல் தமிழர் மத்தியில் என்னைப் பற்றி ஒரு கதை உலவுகிறது: பீற்றர் அண்ணை ரஷ்யாவுக்கு உளவு பார்த்தவர். பூசை முடிந்து மண்டபத்தில் கோப்பி குடிக்கும்போது யாராவது இந்தப் பேச்சைத் தொடுவார்கள். நான் சிரித்துவிட்டு விலகிவிடுவேன். ஓய்வு பெற்ற பிறகு, சென்ற குளிர்காலத்தில், நான் வேலை செய்த நிறுவனத்தில் இப்போது பொறியாளராக இருக்கும் கார்த்திக் என்ற சென்னைக்காரர் நேரடியாகவே கேட்டுவிட்டார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. நீங்க நிஜமாவே ஸ்பையா இருந்தீங்களா?"

"ஆர் உமக்குச் சொன்னது?"

"ஆபீஸ்ல எல்லாரும் சொல்றாங்க. ரஷ்யாக்காரங்க வந்தப்போ, நீங்க கேள்வி கேட்டே அவங்களைத் துரத்திட்டீங்களாமே."

துரத்தவில்லை. ஆனால் கேள்வி கேட்டது உண்மை. அந்தக் கேள்வி எங்கே பிறந்தது என்று அவருக்குச் சொன்னேன். சொன்னதை எழுதித் தரும்படி கேட்டார். இது அதுதான்.

மன்னாரிலிருந்து அறுபதுகளின் கடைசியில் உதவித்தொகை பெற்று சோவியத் நாட்டுக்குப் போனேன். ஒரு வருடம் மொழி, பிறகு மின்பொறியியல். பட்டம் முடிந்ததும் மேற்படிப்பு மாணவனாக, தென்ரஷ்யப் புல்வெளி நகரம் ஒன்றில் மின்சார ரயில் இஞ்சின் செய்யும் ஆலையின் சோதனைப் பிரிவில் என்னைச் சேர்த்தார்கள். என் பெயர் அங்கே பியோத்தர் ஆயிற்று. தகப்பன் பெயர் ஜோன், ரஷ்ய மொழியில் இவான், என்பதால் மரியாதைக்குப் பியோத்தர் இவானவிச்.

அந்த ஆலை ஒரே வகைச் சரக்கு இஞ்சினைத்தான் ஆண்டுக்கணக்காகத் திருத்திக்கொண்டிருந்தது. இரண்டு பெட்டிகள் முதுகோடு முதுகு சேர்ந்த, எட்டு அச்சுகள் கொண்ட பச்சை நிற இஞ்சின். நெற்றியில் நாட்டின் புரட்சித் தலைவரின் பெயரெழுத்துகள். மேலே செல்லும் கம்பியில் இருபத்தையாயிரம் வோல்ட் மாறுமின்சாரம். மோட்டருக்கோ நேர்மின்சாரம் வேண்டும். ஆரம்பகால இஞ்சின்களில் பாதரசம் நிரம்பிய இரும்புக் குடுவைகள்தான் அந்த மாற்றத்தைச் செய்தன. குளிரில் அவற்றைச் சூடாக்கவும் கோடையில் ஆறவைக்கவும் ஓட்டுநர்கள் பெரும்பாடு பட்டார்கள். பிறகு பாதரசத்தின் இடத்துக்குச் சிலிக்கன் வந்தது. அதற்கடுத்த வடிவத்தில், இறக்கத்தில் ரயிலைப் பிடித்து நிறுத்த மோட்டர்களையே மின்பிறப்பாக்கிகளாக்கி, பிறந்த மின்சாரத்தை இஞ்சினுக்குள்ளேயே தடைச்சுருள்களில் எரித்து வெப்பமாக வெளியே ஊதினார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அதற்கும் ஒருபடி மேலே போயிருந்தார்கள். அந்த மின்சாரத்தை வீணே எரிக்காமல் கம்பிக்கே திருப்பிக் கொடுப்பது. இறங்குகிற ரயில் ஏறுகிற ரயிலுக்குச் சோறு போடும் என்று ஆலையில் பெருமையாகச் சொல்வார்கள்.

எங்கள் மேலாளர் அர்காதி லுவோவிச். கூட்டுபவள் முதல் தலைமைப் பொறியாளர் வரை எல்லோரையும் 'நீங்கள்' என்றே அழைப்பார். குரலை உயர்த்த மாட்டார். யாரையும் நம்பவும் மாட்டார். உயர்மின் அறையின் சாவியை கத்தோலிக்கராகிய நாங்கள் உத்தரியம் என்ற துணிப்படத்தை அணிவதுபோல நூலில் கோத்துச் சட்டைக்குள்ளே கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். அந்த அறைக்குள் யாராவது போக வேண்டுமென்றால் முதலில் பிரதான ஆளி, அதாவது சுவிட்ச், துண்டிக்கப்பட வேண்டும், கூரையிலிருந்து கம்பியைத் தொடும் மின்வாங்கி இறக்கப்பட வேண்டும். ஓட்டுநர் "இறக்கியாயிற்று" என்று கத்துவார். அர்காதி லுவோவிச் அசைய மாட்டார்.

"யார் பார்த்தது?" என்று கேட்பார்.

"மானி காட்டுகிறது."

"மானியை நான் கேட்கவில்லை. யார் பார்த்தது?"

ஒருவர் கீழே இறங்கி, பனியானாலும் மழையானாலும் பத்தடி பின்னால் போய் நின்று, கூரையை அண்ணாந்து பார்த்து, "நான் பார்த்தேன்" என்று தன் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதன் பிறகே சாவி வெளியே வரும். கதவு திறந்ததும், மிச்ச மின்சாரத்தை நிலத்துக்கு இறக்கும் நிலத்தொடுப்புத் தடியைத் தன் கையாலேயே கொளுவுவார். "பார்த்தவரையும் நான் நம்பவில்லை, கோபிக்காதீர்கள்" என்பார். எனக்குக் கோபம் வந்ததில்லை. அவருடைய சந்தேகம் மின்சாரத்தின் மீது. அது ஆளைக் காப்பாற்றுகிற சந்தேகம்.

ஆலையில் வேறொரு சந்தேகமும் இருந்தது. தோல் மெத்தை அடித்த கதவுக்குப் பின்னால் 'முதற்பிரிவு' என்றொரு அலுவலகம். இரகசியங்களைக் காப்பது அவர்கள் வேலை. வெளிநாட்டவனான நான் எந்தப் பட்டறைக்குள் போகலாம், எந்த வரைபடத்தைப் பார்க்கலாம் என்பதை அவர்கள்தான் தீர்மானித்தார்கள். சில நாள்களில் நானே அளந்து சொன்ன எண்ணைப் பார்க்க எனக்கு அனுமதி இருக்காது.

சோதனைக் குழுவில் எனக்கு நெருக்கமானவன் வலேரி. விடுதியில் ஒரே அறை. அவனுடைய தாய் அனுப்பும் ஆப்பிள் ஜாமில் பாதி எனக்கு. ஓட்டுநர் ஸ்தெபான் எங்களைவிடக் கொஞ்சம் மூத்தவர், மணமானவர், கைக்குழந்தை ஒன்று. அவருடைய கை நெம்புகோலில் இருந்தால் அர்காதி லுவோவிச்சே சற்றுச் சாய்ந்து உட்காருவார்.

அன்று மலைப்பாதை ஒன்றின் நீண்ட இறக்கத்தில், பின்னால் நிலக்கரி நிரம்பிய ரயிலோடு, புதிய பிரேக்கைச் சோதித்துக்கொண்டிருந்தோம். ஸ்தெபானும் அர்காதி லுவோவிச்சும் முன்னால் ஓட்டும் அறையில். நானும் வலேரியும் இரண்டாம் பெட்டியில், கட்டுப்பாட்டு அலுமாரிக்குப் பக்கத்தில், பதிவுக்கருவியோடு. ரயில் அழகாகப் பிடிபட்டிருந்தது. சக்கரத்தை அழுத்தும் பிரேக் கட்டைகள் தொடாமலே வேகம் ஒரே அளவில் நின்றது. திடீரென்று பீரங்கி வெடித்ததுபோல ஒரு சத்தம். ஆளிகள் எல்லாம் விழுந்தன. பிடி விட்டுப்போயிற்று.

"கவிழ்ந்துவிட்டது!" என்று வலேரி கத்தினான்.

கவிழ்ந்தது ரயில் அல்ல. அந்தப் பிரேக்கில் மின்சாரத்தைக் கம்பிக்குத் திருப்பி அனுப்பும் சிலிக்கன் வாயில்கள் இருந்தன. அவை வேளைக்கு மூட, கம்பியில் இருக்கும் மின்னழுத்தமே துணை. அது சட்டென்று தாழ்ந்தால் வாயில் மூடாது. மின்சாரம் வெளியே போகாமல் இஞ்சினுக்குள்ளேயே சுருண்டு பாயும், ஆளிகள் விழும், பிரேக் போய்விடும். இதற்கு எங்கள் தொழிலில் 'கவிழ்தல்' என்று பெயர்.

ஸ்தெபான் காற்றுப் பிரேக்கைப் போட்டார். கட்டைகள் தீய்கிற நாற்றம் பெட்டிக்குள் ஏறியது. ரயில் நின்றது, ஆனால் சிவப்பு விளக்கைத் தாண்டி நின்றது. யாருக்கும் ஒரு கீறலும் இல்லை. என்றாலும் சுமையேற்றிய நிறை ரயில் சிவப்பைத் தாண்டினால் அந்த நாட்டில் ஒருவர் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

விசாரணை நடந்தது. ஓட்டத்தின்போது கட்டுப்பாட்டு அலுமாரியின் கதவைத் திறந்தால் பாதுகாப்புக்காக ஆளிகள் தாமே விழும். முதற்பிரிவுக்காரர் என்னிடம் மட்டும் கேட்டார்: "அலுமாரிக் கதவை நீங்கள் ஏன் திறந்தீர்கள்?"

"நான் திறக்கவில்லை."

"திறந்ததைப் பார்த்ததாக ஒரு தோழர் சொல்லியிருக்கிறார்."

"எந்தத் தோழர்?"

அவர் பேனையை மூடினார். பெயர் வரவில்லை. வர வேண்டிய தேவையும் எனக்கு இருக்கவில்லை. இஞ்சினில் இருந்தது நாங்கள் நால்வர். இருவர் முன்பெட்டியில். என்னோடு அலுமாரி அருகே நின்றது வலேரி ஒருவன்தான்.

என்னைச் சோதனையிலிருந்து எடுத்து, காற்றாடிகளின் குளிரூட்டல் பற்றிக் கணக்குப் போடும் மேசையில் உட்கார்த்தினார்கள். விடுதியில் நானே அறை மாற்றிக் கேட்டேன். வலேரி ஏன் என்று கேட்கவில்லை. கேட்காததையும் நான் ஒரு சாட்சியாக எடுத்துக்கொண்டேன். சில மாதங்கள் கழித்து, நான் இல்லாத ஒரு ஓட்டத்தில் அதே இறக்கத்தில் மறுபடியும் கவிழ்ந்தது. காரணத்தை அர்காதி லுவோவிச் கண்டுபிடித்தார். தூரத்து நிலையமொன்றிலிருந்து இன்னொரு நிறை ரயில் ஏற்றத்தில் புறப்பட, அது இழுத்த இழுப்பில் கம்பியின் மின்னழுத்தம் ஒரு கணம் தாழ்ந்திருக்கிறது. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்த காலமெல்லாம், குற்றவாளி மலைக்கு அப்பால் தன்பாட்டில் புறப்பட்டுப் போன ஒரு ரயில். இதைத் தாழ்வாரத்தில் மேலாளரே எனக்குச் சொன்னார். சொன்னபோது என் கண்ணைப் பார்க்கவில்லை. கட்டுப்பாட்டைத் திருத்தி அந்த வகையைச் செப்பமாக்கினார்கள். என்னைத் திருப்பி அழைக்கவில்லை.

மின்சார ரயிலே இல்லாத இலங்கைக்கு மின்சார இஞ்சின் படிப்போடு திரும்பினேன். டீசல் பட்டறையில் சில வருடங்கள். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு கனடா. மொன்றியலின் டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களுக்குள் குப்பை பொறுக்கினேன். மனைவி பிலோமினாவுக்கு அங்கேயே விமானச் சமையற்கூடத்தில் வேலை. பிறகு ரயில் ஆலோசனை நிறுவனமொன்றில் வரைபடம் திருத்தும் வேலை கிடைத்து, படிப்படியாகப் பொறியாளரானேன். மலைக்கடியால் சுரங்கத்தில் போகும் மின்சார ரயிலில் முதல் தடவை ஏறிய அன்று, ஆசனத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தேன். மேலே அதே இருபத்தையாயிரம் வோல்ட் கம்பி.

இரண்டாயிரங்களின் நடுவில் எங்கள் மேலாளர் லூசி என்னைக் கூப்பிட்டார். பிரெஞ்சு பேசும் அவருக்கு நான் பியேர். மத்திய ஆசிய நாடொன்றின் ரயில்வே தன் பழைய சோவியத் சரக்கு இஞ்சின்களைப் புதுப்பிக்க விரும்புகிறது, ஒரு ஒப்பந்ததாரர் புதிய மின்னணுவியலைப் பொருத்தி மாதிரி ஒன்றைச் செய்திருக்கிறார், அது பாதுகாப்பானதா என்று எங்கள் நிறுவனம் சொல்ல வேண்டும். படத்தைக் காட்டினார். பச்சை நிறம், இரட்டைப் பெட்டி, நெற்றியில் அந்த எழுத்துகள்.

"பியேர், இதைத் தெரியுமா?"

"தெரியும்" என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை.

குழு வந்தது. ரயில்வேயின் சார்பில் குல்நாரா என்ற அதிகம் பேசாத பொறியாளர். ஒப்பந்ததாரரின் சார்பில், நரைத்த தலையும் நல்ல கோட்டுமாக, வலேரி. என்னைக் கண்டதும் பழைய செல்லப் பெயரால் "பெத்யா!" என்று கட்டிப்பிடித்தான். முதுகில் அவன் கை தட்டத் தட்ட, இவனுக்கு நான் இங்கே இருப்பது முன்பே தெரியுமா, அதனால்தான் இவனை அனுப்பினார்களா என்றே என் மூளை ஓடியது.

அவன் சோதனை வரைகோடுகளைத் திரையில் காட்டினான். இறக்கம், நிறை ரயில், பிரேக், வேகம். எல்லாம் சீர். கீழே மெல்லிய நீலக் கோடாகக் கம்பியின் மின்னழுத்தம். அது நேராக இருந்தது, மேசையில் வைத்துக் கோல் பிடித்துக் கீறியதுபோல.

"இந்த ஓட்டத்தின்போது அந்தப் பாதையில் வேறு ரயில் ஓடியதா?" என்று கேட்டேன்.

"பாதையை எங்களுக்காக ஒதுக்கித் தந்தார்கள்" என்றான் வலேரி.

"அப்படியானால் இறக்கத்தைத்தான் சோதித்திருக்கிறீர்கள். கம்பியைச் சோதிக்கவில்லை. இன்னொரு நிறை ரயில் அதே பகுதியில் புறப்படும்போது மறுபடி செய்து காட்ட வேண்டும்."

அது இப்போது முடியாது, காலம் போய்விடும், நவீனக் கட்டுப்பாடு அதைக் கவனித்துக்கொள்ளும் என்றெல்லாம் சொன்னான். குல்நாரா என்னை ஒருமுறை பார்த்தார், பிறகு நீலக் கோட்டைப் பார்த்தார்.

மறுநாள் லூசி கதவைச் சாத்திவிட்டு என்னை உட்காரச் சொன்னார்.

"பியேர், நேராகக் கேட்கிறேன். அந்த ஆலையில் உங்களை வேலையிலிருந்து எடுத்தார்களா?"

"யார் சொன்னது?"

"வலேரி. மதியச் சாப்பாட்டில். ரயில் கவிழ்ந்ததாம், பழி உங்கள் மேல் விழுந்ததாம். எத்தனை பேர் செத்தார்கள்? இதை ஏன் எங்களிடம் மறைத்தீர்கள்? இந்தச் சோதனையை நீங்கள் கேட்பது பழைய பகையாலா?"

ரயில் கவிழவில்லை, மின்சாரம் கவிழ்ந்தது என்று கடதாசியில் கீறி விளக்கினேன். அவர் நம்பியதுபோலவும் இருந்தது, நம்பாததுபோலவும் இருந்தது. "அறிக்கை உங்களுடையது. ஆனால் மேலிடத்தில் என்னைக் கேட்பார்கள்" என்றார். என் வேலை அந்த வாக்கியத்தில் தொங்கியது.

வீட்டுக்கு வந்து பிலோமினாவிடம் சொன்னேன்.

"அவன் வேணுமெண்டு சொன்னவனோ, அரைகுறை இங்கிலீசில உளறினவனோ?" என்று கேட்டாள்.

"அது எனக்கு விளங்கேல்லை."

"விளங்காட்டி அவனையே கேளுங்கோவன். முப்பது வருசமா உங்களுக்குள்ளயே வழக்கு நடத்திக்கொண்டிருக்கிறியள்."

கேட்டேன். கோட்-டெ-நெய்ஜில் எங்கள் வீட்டுக்கு அருகே மலைச்சரிவில் இருக்கும் யோசேப்பர் கோயிலைப் பார்க்க வேண்டும் என்றான் வலேரி. வெயில் அடித்த மத்தியானம். ஒரு கிழவி நேர்த்திக்கடனாக நடுப்படிகளில் முழங்காலால் ஏறிக்கொண்டிருந்தாள். பாதி ஏறியதும் அவனுக்கு மூச்சு வாங்கியது. நின்றோம்.

"அலுமாரியை நான் திறந்ததாகச் சொன்னது நீதானே?"

அவன் திடுக்கிடவில்லை. "நீ அப்படித்தான் நினைக்கிறாய் என்று அறை மாறிய அன்றே தெரியும். நான் இல்லை. அர்காதி லுவோவிச். சில வருடங்களுக்கு முன் இறந்துபோனார்."

"அவர் முன்பெட்டியில் இருந்தார். அவரால் பார்த்திருக்கவே முடியாது."

"முடியாதுதான். ஆனாலும் பார்த்ததாகச் சொன்னார். இல்லாவிட்டால் ஸ்தெபான் சிறைக்குப் போயிருப்பார், பெத்யா. சிவப்பைத் தாண்டியது அவர்தானே. உன்னை என்ன செய்ய முடியும்? நீ வெளிநாட்டவன். அவர்கள் வரவழைத்த விருந்தாளி. மேசை மாற்றலாம், அவ்வளவுதான்."

மானியையே நம்பாத மனிதர், பார்த்தவனின் வாயையே நம்பாத மனிதர், தான் பார்க்காததைப் பார்த்தேன் என்று என் பெயரில் சொன்னார் என்கிறான் இவன். எனக்கு உடனே தோன்றியது ஒன்றுதான்: நாளை நான் அறிக்கை கொடுக்கப் போகிறேன். இன்று இந்தக் கதை வருகிறது.

"இதை ஏன் இப்போது சொல்கிறாய்?"

"இப்போதுதானே கேட்டாய்."

"இறந்துபோனவர் மேல் பழியைப் போடுவது சுலபம்."

"ஸ்தெபான் உயிரோடு இருக்கிறார். கேட்டுப் பார்" என்று தொலைபேசி எண்ணைச் சொன்னான். அதையும் சந்தேகித்தேன். எண்ணைக் குறித்துக்கொண்டேன், அழைக்கவில்லை. அழைத்துவிட்டு அறிக்கை எழுதினால் எந்தப் பக்கம் சாய்ந்தேன் என்று எனக்கே தெரியாமல் போய்விடும்.

அறிக்கையில் எழுதியது இவ்வளவுதான்: அதே பகுதியில் வேறொரு நிறை ரயில் புறப்படும்போது பிரேக்கைச் சோதிக்கும் வரை இந்த இஞ்சினைப் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது. லூசி அதை இரண்டு தரம் வாசித்தார். "உங்களைப் பற்றி எனக்கு இன்னும் எல்லாம் தெரியாது, பியேர்" என்றார். ஆனாலும் மாற்றாமல் அனுப்பினார்.

வலேரி முகம் கறுத்துப் போனான். குல்நாரா தன் நாட்டுக்குத் திரும்பியதும், யாருக்காகவும் காத்திராமல் தானே அந்தச் சோதனையை நடத்தினார். பனி உருகத் தொடங்கிய ஒரு காலையில் அவரிடமிருந்து அழைப்பு.

"கவிழ்ந்தது" என்றார் ரஷ்ய மொழியில். "இரண்டாவது ரயில் புறப்பட்ட அதே கணம். காற்றுப் பிரேக்கைக் கையில் தயாராக வைத்திருந்தோம். ஒருவருக்கும் ஒன்றுமில்லை."

ஒப்பந்ததாரர் கட்டுப்பாட்டைத் திருத்தும்வரை வேலையை நிறுத்தி வைத்தார்கள். நல்ல செய்திதான். ஆனால் நான் நினைத்த மகிழ்ச்சி வரவில்லை. ஒரு சந்தேகம் தீர்ந்ததும் மற்றது பெரிதாகத் தெரிந்தது. வலேரிக்கு இனி என்னால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை. எனக்கும் அவனால் ஒன்றுமில்லை. சனிக்கிழமை கோப்பியைக் குடித்துவிட்டு அந்த எண்ணை அழைத்தேன்.

"கேட்கிறேன்" என்றது, ரஷ்யர்கள் தொலைபேசியை எடுத்ததும் சொல்வதுபோல, ஒரு கரகரத்த குரல்.

"ஸ்தெபான்? நான் பியோத்தர். ஆலையில்... இலங்கைக்காரன்."

அந்தப் பக்கம் நாற்காலி ஒன்று இழுபடுவது கேட்டது.

"அர்காதி லுவோவிச் இப்படிச் செய்தார் என்று வலேரி சொல்கிறான்" என்று தொடங்கினேன்.

"அவரைக் குறை சொல்லாதீர்கள்" என்றார் ஸ்தெபான். "அவர் மாட்டேன் என்றுதான் சொன்னார். இரண்டு தரம் சொன்னார். நான்தான் அவர் வீட்டு வாசலில் போய் நின்று கேட்டேன். பெயரையும் நான்தான் சொன்னேன். கைக்குழந்தை இருக்கிறது, அந்த வெளிநாட்டவனை ஒன்றும் செய்யமாட்டார்கள், அவன் பெயரைச் சொல்லுங்கள் என்று."

சமையலறையிலிருந்து பிலோமினா எட்டிப் பார்த்தாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். திட்டுவதற்கு என்னிடம் நல்ல ரஷ்யச் சொற்கள் இருந்தன. ஸ்தெபானே எனக்குப் பழக்கியவை.

"உங்களை ஒன்றும் செய்யவில்லைத்தானே?" என்று கேட்டார்.

"சிறையில் போடவில்லை" என்றேன். "ஆனால் என் வேலையை எடுத்துவிட்டார்கள். அந்த வேலையில் நான் கெட்டிக்காரன், ஸ்தெபான்."

"தெரியும்" என்றார். அழுதாரா, இருமினாரா என்று தெரியவில்லை. "அப்போது எங்கள் வீட்டில் தொலைபேசி இல்லை. பிறகு வந்தது. வந்த நாளிலிருந்து மணி அடித்தால் நீங்கள்தானோ என்று பயம். ஒவ்வொரு தடவையும். மனைவியை எடுக்கச் சொல்வேன். அவள் போன பிறகு நானே எடுக்க வேண்டியிருக்கிறது."

அந்தக் குழந்தையைப் பற்றிக் கேட்டேன். பெண்பிள்ளை, இப்போது பல் வைத்தியர் என்றார். இங்கே இன்னும் பனி கிடக்கிறதா என்று அவர் கேட்டார், கிடக்கிறது என்றேன். அந்த வகை இஞ்சின் பின்னாளில் ஒழுங்காக ஓடியதா என்று கேட்டேன். குரல் சற்றுத் தெளிந்தது. அந்த இறக்கத்திலேயே ஓய்வு பெறும்வரை ஓட்டினாராம், கட்டை தேயாமல் இறங்குமாம். சக்கரம் எந்த வளைவில் எப்படிக் கீச்சிடும் என்பதுவரை சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தேன். கோபம் போய்விட்டது என்று எழுதினால் அது பொய்.

வைக்கும்போது தயங்கி, "மறுபடியும் அழைப்பீர்களா?" என்றார்.

விரும்பிக் கேட்கிறாரா, பயத்தில் கேட்கிறாரா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

"ஞாயிற்றுக்கிழமைகளில் அழைக்கிறேன், பூசை முடிந்த பிறகு" என்றேன். "மற்ற நாள்களில் மணி அடித்தால் அது நானில்லை. பயப்படாமல் எடுங்கள்."